நிறைத்த கோழிக்கு ஒரு களா

குற்றிச்சிறை, கோழிக்கோடு
ஞாயிறு, அஸர் தொழுகைக்குப் பின்

அன்பு மகள் நஷீதாவுக்கு வாப்பாவின் ஸலாம். நீயும் மருமகன் ஜௌஹரும் என் பேத்தி ஹைஃபாவும் அந்த மழை ஊரில் படைத்தவன் காவலில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உன் உம்மா சுகம், தங்கை ஸஜ்னா சுகம், அவளுடைய மாப்பிள்ளை ஆஷிக்கும் சுகம். நானும் சுகம் என்று ஒரு வரி போட்டுவிட்டு மேலே போவதுதான் என் வழக்கம், இந்தத் தடவை அந்த ஒரு சொல்லுக்குப் பேனா மக்கர் பண்ணுகிறது. இப்போது சுகம்தான், பயப்படாதே. நடுவில் கொஞ்ச நாள் உன் வாப்பா உடம்பாலும் சுகமாக இல்லை, மனசாலும் சுகமாக இல்லை, அதை உன்னிடம் மறைத்தோம். மறைக்கச் சொன்னது நான்தான், உம்மாவிடம் கோபித்துக்கொள்ளாதே. பக்கத்து வீட்டு ஸுலைமான்கோயாவின் மகன் வியாழக்கிழமை அயர்லாந்துக்குத் திரும்புகிறான், உன் ஊர் வழியாகத்தான் போவானாம், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இது என்ன புதுசாகக் கடிதம் என்று கேட்பாய். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத விஷயம் மோளே, அதனால்தான்.

போன வெள்ளிக்கிழமை நீ பேசியது ஞாபகம் இருக்கிறதா? ஆபீசில் யாரோ பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினாள் என்றாய். "ரெண்டு துண்டு தின்னுட்டேன் வாப்பா, ஆனா கவலப்படாதீங்க, மறுநாள் பூரா வெறும் தண்ணிதான், பத்தாததுக்கு மழையில ஒரு நட, உங்க களாக் கணக்கு எனக்கு மனப்பாடம்" என்று பெருமையாகச் சொன்னாய். அதோடு விட்டிருந்தால் கூட நான் தாங்கியிருப்பேன். "படி எறங்கும்போது மட்டும் கண்ண இருட்டிக்கிட்டு வந்துச்சு, ஹைஃபா இடுப்புல இருந்தா, நல்லவேள கைப்பிடிய எட்டிப் புடிச்சிட்டேன்" என்று சிரித்தாய். உடனே நான் பாங்கு சொல்கிறார்கள் என்று சொல்லி உம்மா கையில் போனைக் கொடுத்துவிட்டு எழுந்து போனேன் அல்லவா, அப்போது பாங்கு சொல்லவில்லை. பாங்குக்கு இன்னும் நேரம் கிடந்தது. பள்ளிவாசல் பெயரைச் சொல்லி மகளிடம் பொய் சொல்லிவிட்டு மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். நீ கைப்பிடியைப் பிடித்துவிட்டாய். நான் பிடிக்கவில்லை, நான் விழுந்தேன். அதே கணக்கால்தான் விழுந்தேன். அதைத்தான் உன்னிடம் மறைத்திருந்தோம்.

முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி. எனக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் நீ அழுதாய், நடக்கப் போட வெள்ளைச் சப்பாத்து வாங்கி அனுப்பினாய், அதெல்லாம் உனக்குத் தெரியும். ஆயுசு முழுக்க மிட்டாய்த் தெருவில் குடைக்கடை கல்லாவில் உட்கார்ந்து வயிறு வளர்த்த ஆள் நான். வேட்டியை மடித்துக் கட்டித் திரிந்தவனுக்குக் கால்சட்டை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போவது முதல் நாள் எவ்வளவு கூச்சமாக இருந்தது தெரியுமா, சந்து சந்தாகப் புகுந்து போனேன். அங்கே விடிகாலை சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு கூடும் உடற்பயிற்சிக் கூட்டத்தை நடத்துகிறவர் பாலராமன் மாஷ், பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், என் வயசுதான். மீன் ஏலம் விடுகிறவனும் வக்கீலும் ஒரே வரிசையில் நின்று கையைத் தட்டிக் காலைத் தூக்கி, கடைசியில் எல்லோரும் கடலைப் பார்த்து ஹோ என்று சத்தமாகச் சிரிக்க வேண்டும். எதற்குச் சிரிக்கிறோம் என்று கேட்டதற்கு மாஷ், "உன் தொப்பையப் பாத்துத்தான் கோயா" என்றார். அந்த முதல் மாதங்கள் நிஜமாகவே நன்றாக இருந்தன மோளே. வீட்டுக்கு வரும்போது பசிக்கும், மத்தியானம் தூக்கம் வராது, முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரையும் இறங்கியது. அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும்.

நிற்கவில்லையே. உன் வாப்பாவுக்குத்தான் எதையும் அளவோடு செய்யத் தெரியாதே. பின்வரிசையில் நின்றவன் முன்வரிசைக்கு வந்தேன், முன்வரிசைக்கு வந்தவன் பேச ஆரம்பித்தேன். கல்யாண வீட்டில் பிரியாணித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு பக்கத்துத் தட்டுக்காரனுக்கு உபதேசம். "கோயாக்கா வர்றாரு, தட்ட மூடுங்கடா" என்று பையன்கள் கத்துவார்கள், நான் அதைப் பெருமை என்று நினைத்தேன். போன தடவை உம்மா உனக்கு அனுப்பிய பார்சலில் அல்வா இல்லை, ஆளிவிதைப் பொட்டலம் இருந்தது என்று நீ சிரித்தாயே, உம்மா அல்வாதான் வைத்தாள், அதை எடுத்துவிட்டு விதையை வைத்தது நான். உம்மா முந்தாநாள் வரை கடைக்காரன் மாற்றிக் கட்டிவிட்டான் என்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். நேற்றுத்தான் சொன்னேன். அவள் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன்.

அந்தக் களாக் கணக்கும் அப்போது என் மண்டையில் உதித்ததுதான். விட்டுப்போன தொழுகையைப் பிறகு களாவாகத் தொழுது வீட்டுகிறோம், அதாவது கடனைத் தீர்க்கிறோம், விட்டுப்போன நோன்பை றமளான் கழிந்து பிடித்து வீட்டுகிறோம், அதே மாதிரி ஒரு நாள் நெய்ப்பத்திரி தின்றால் மறுநாள் பட்டினி கிடந்து அதற்குக் களா, ஒரு நாள் கடற்கரைக்குப் போகாவிட்டால் மறுநாள் இரட்டிப்பாக ஓடி அதற்குக் களா. கேட்டவர்கள் எல்லாம் அடடா என்றார்கள். நம் ஆட்களுக்குச் சொன்ன உடனே புரிகிற மாதிரி இருந்தது, புதுசாக எதுவும் படிக்க வேண்டாமே. கூட்டத்தில் பாதிப்பேர் களா வீட்ட ஆரம்பித்தார்கள். பாலராமன் மாஷ் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்கு உங்க சட்டமெல்லாம் தெரியாது கோயா, ஆனா நான் பசங்களுக்கு டிரில்ல தண்டனையாக் குடுத்தப்போ அவனுங்க டிரில்லயே வெறுத்துட்டானுங்க" என்றார். ஆளுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அன்று இரவே உனக்கு அந்தக் களா விஷயத்தைக் குரல் பதிவாக அனுப்பினேன். பிரசவத்துக்குப் பிறகு உடம்பு இறங்கவில்லை என்று நீ வருத்தப்பட்டுக் கேட்டிருந்தாய், அதற்கு மருந்தாக இதை அனுப்பினேன். ஊருக்கு உபதேசம் பண்ணியது போதாதென்று கடல் தாண்டியும் பண்ணினேன்.

இனி ஸஜ்னா மாப்பிள்ளையின் விருந்து. கல்யாணம் முடிந்து ஆஷிக் நம் வீட்டுக்கு வந்து தங்க ஆரம்பித்த பிறகு உம்மா ஒரு பெரிய சல்க்காரம் வைத்தாள். மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து தங்கும் நம் தறவாட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா, மாப்பிள்ளை கையை எடுக்கும் வரை கூட உட்கார்ந்த மூத்தவர் கையை எடுக்கக் கூடாது, எடுத்தால் அவனும் எடுத்துவிடுவான், பிறகு ஊர் முழுக்க அந்த வீட்டில் மாப்பிள்ளையை அரை வயிற்றோடு எழுப்பினார்கள் என்று பேச்சு வரும். இந்த வீட்டுக்கு நானும் புதுமாப்பிள்ளையாக வந்தவன்தானே, தலை நரைத்த பிறகும் உன் மாமன்மார் என்னைப் புதுமாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆக ஆஷிக்குக்குத் துணையாக உட்கார வேண்டியவன் நான். உம்மா இரண்டு நாளாக அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. முட்டை வைத்து நிறைத்த முழுக்கோழி, கல்லுமக்காய், அலிசா, முட்டமாலை, எல்லாம் அவள் கை. ஆஷிக் நல்ல பையன், ஆனால் சாப்பாட்டில் சிங்கம். அவன் கையை எடுக்கவே இல்லை மோளே! நானும் எடுக்கவில்லை. வழக்கத்தின் மேல் பழியைப் போடுகிறேன் பார், அதுவும் பொய். மாப்பிள்ளை கடைசியில் கையைக் கழுவப் போன பிறகும் நான் கோழியின் தொடையோடு உட்கார்ந்திருந்தேன். ருசித்ததா என்று கேட்டால் அதுவும் இல்லை. ஒவ்வொரு வாய்க்கும் நாளைக்கு இதற்கு எவ்வளவு களா என்று உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டே தின்றேன். உம்மா கதவோரம் நின்று எப்படி இருக்கிறது என்று கண்ணால் கேட்டாள், நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் காலை சுபுஹுக்குப் பிறகு ஒரு மிடறு சுலைமானிச் சாயா கூடக் குடிக்கவில்லை. காலையில் போடும் சர்க்கரை மாத்திரையை, நேற்றுத் தின்றதற்குச் சேர்த்து என்று ஒன்றுக்கு இரண்டாகப் போட்டேன். எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானாகத்தான் போட்டேன், இதை நன்றாகப் படித்துக்கொள். கடற்கரையில் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் நான் மட்டும் ஈர மணலில் ஓடினேன். மாஷ், "போதும் கோயா, வீட்டுக்குப் போயி ரெண்டு பத்திரி தின்னு" என்று கூப்பிட்டுப் பார்த்தார், கேட்டால்தானே. கொஞ்சத்தில் வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, களா ஏற்றுக்கொள்ளப்படுகிறது என்று நினைத்தேன், பார் என் புத்தியை. பிறகு கடல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விழித்துப் பார்த்தால் உப்பிலிட்ட மாங்காய் விற்கிற கடைக்கு முன்னால் கிடக்கிறேன், வாய்க்குள் சர்பத். கடைக்காரி என் தலையை மடியில் வைத்துச் சர்பத்தைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டே, "சக்கரையே வெசமுன்னு என் கடைக்கு வர்றவங்களையெல்லாம் தொரத்தி விட்டாரே, அந்தக் கோயாக்காதானே இது?" என்று யாரிடமோ கேட்கிறாள். சுற்றிலும் ஊர். பெண்களின் பயிற்சிக் கூட்டம் அப்போதுதான் தொடங்குகிற நேரம், நம் தெருவில் பாதிப்பேர் அங்கே. என் மானம் கப்பலேறுவதைக் கரையில் நின்று எல்லோரும் பார்த்தார்கள்.

இன்னும் இருக்கிறது. யாரோ வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஓடி வந்தது யார்? ஆஷிக். இரவு பட்டுச் சட்டையில் மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்த பையன் தூங்கி எழுந்த கைலியோடு செருப்பில்லாமல் ஓடி வந்து என்னைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டான். யாரோ அழைத்த ஜீப்பு வரும் வரை கூட நிற்கவில்லை, அப்படியே ஆஸ்பத்திரி வரை. புதுமாப்பிள்ளைக்குத் தண்ணீர்ச் செம்பைக்கூட நாமே தூக்கிக் கொடுக்கிற வீடு இது, அந்த வீட்டின் வாப்பாவை அரிசி மூட்டை மாதிரிச் சுமந்துகொண்டு வலியங்காடிச் சந்தை வழியாக அவன் நடந்தான். மூட்டை இறக்கும் ஆட்கள் வழி விட்டு நின்றார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மயக்கம் இல்லை, வெட்கம். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா வாய்க்கு வந்தபடி திட்டினாள். "வெறும் வயித்துல ரெண்டு மாத்திரயப் போட்டுட்டு ஓடுனீங்களா? அந்தச் சர்பத் கெடைக்கலேன்னா இப்ப உங்க வீட்டுல யாசீன் ஓதிட்டிருப்பாங்க" என்றாள். ஆஷிக் பக்கத்தில் நின்று, "மாமா நேத்து எனக்குத் துணைக்குத்தான் சாப்பிட்டாரு டாக்டர், தப்பு என்னோடதுதான்" என்றான். எனக்கு இருந்த கொஞ்ச மானத்தையும் அவன் நல்லதனத்தால் எடுத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் கடற்கரைப் பக்கம் தலைகாட்டவில்லை. நீ அனுப்பிய சப்பாத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். பாலராமன் மாஷ் பார்க்க வந்தார், கீழே உம்மாவோடு பேசுகிற சத்தம் கேட்டதும் போர்வையை இழுத்து மூடித் தூங்குகிற மாதிரிக் கிடந்தேன். அவர் கட்டிலருகில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "தூங்குறவன எழுப்பிடலாம், ம்ம்" என்று முனகிக்கொண்டு போனார். இதைவிட அசிங்கம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்கிறேன். எல்லாம் பாழாய்ப் போன பிறகு இனி எதற்குப் பத்தியம் என்று, யாரும் இல்லாத நேரத்தில் அடுக்களைக்குள் புகுந்து மிச்சமிருந்த உன்னக்காய் இனிப்பை நின்றபடியே விழுங்கினேன். பட்டினி கிடந்ததும் நான்தான், அலமாரியைத் துழாவியதும் நான்தான். இரண்டிலும் சந்தோஷம் இல்லை. நீயும் இப்படிச் செய்கிறாயா என்று எனக்குத் தெரியாது, செய்தால் என்னிடம் சொல்ல வேண்டியதில்லை, உன்னைப் போல் இன்னொரு ஆள் இங்கே இருக்கிறான் என்று மட்டும் தெரிந்துகொள்.

அப்படிக் கிடந்தபோதுதான் உன் வெள்ளிக்கிழமைப் போன். மாடியில் உட்கார்ந்திருந்த என்னைத் தேடி உம்மா வந்தாள். பேத்தியின் பல் முளைத்த கதையை நீ அவளிடம் சொன்னாயாம், சிரித்துக்கொண்டே வந்தவள் என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். களாக் கணக்கை உனக்கும் சொல்லிக் கொடுத்தேன், நீ படியில் தள்ளாடினாய், பிள்ளை இடுப்பில் இருந்தாள் என்று எல்லாம் சொன்னேன். உன் உம்மா சத்தம் போடுகிறவள் இல்லை, உனக்கே தெரியும். அன்று போட்டாள். "றமளான் நோன்பே சீக்காளிக்கு இல்ல, பால் குடுக்குறவளுக்கு இல்ல, வழிப்போக்கனுக்கு இல்ல. அல்லாவே விட்டுக் குடுத்த எடத்துல கண்டிப்பு காட்ட நீங்க யாரு? எம்மவ பாலு குடுக்குற பச்ச ஒடம்புக்காரி, அவளுக்கு நோன்பு விதிக்க உங்களுக்கு எந்தக் காஜியாரு பத்திரம் எழுதிக் குடுத்தாரு?" என்றாள். பிறகு அவள் குரல் இறங்கிப்போனது. அதுதான் தாங்க முடியவில்லை. "அந்தக் கோழிய நான் ரெண்டு நாளா நின்னு பண்ணேன். நீங்க தலையக் குனிஞ்சிக்கிட்டே தின்னீங்க. மறுநாளு அதுக்குத் தண்டன அனுபவிக்கப் போனீங்க. எங்கைச் சோறு என்ன, ஹறாமா? வேணாமுன்னா ஒரு துண்டோட எழுந்திருங்க, எந்த மாப்புள கோவிச்சிக்கிறான்னு நான் பாத்துக்கிறேன். தின்னா சிரிச்சிட்டுத் தின்னுங்க. காலையில எப்பவும்போல நடங்க. இதுல யாரு உங்ககிட்ட களாக் கேட்டா?" என்று சொல்லிவிட்டு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே போனாள். இத்தனை வருஷம் அவள் கையால் தின்றவன், அவள் சோற்றைப் பாவம் மாதிரித் தின்றிருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடற்கரையில் விழுந்தது ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டது.

நேற்றுச் சனிக்கிழமை காலை கட்டிலுக்கு அடியில் கையை விட்டுச் சப்பாத்தை எடுத்தேன். உம்மா ஒரு பத்திரியும் பயறும் தட்டில் வைத்து முன்னால் தள்ளினாள், தின்றேன், ஒரே மாத்திரை போட்டேன். சந்து வழியாகப் போகலாமா என்று கால் இழுத்தது, பெரிய ரோட்டில்தான் போனேன். முன்வரிசைக்குப் போகவில்லை, கடைசி வரிசையில் மீன்காரன் அபுவின் பக்கத்தில் நின்றேன். மாஷ் கண்ணில் பட்டுவிட்டது. "வா கோயா, உன் எடம் அங்கேயேதான் இருக்கு, நீ விழுந்த பள்ளத்த நாங்க மூடவே இல்ல" என்றார். கூட்டம் சிரித்தது, கடலைப் பார்த்துச் சிரிக்கிற பயிற்சிச் சிரிப்பு இல்லை, அசல். எனக்குக் காது வரை சூடேறியது. கலைகிற நேரத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள் என்றேன். ஐயோ மறுபடியும் உபதேசமா என்று ஒருவன் ஓடப் பார்த்தான். உபதேசம் இல்லை, நான் சொன்ன களாவை நானே வாபஸ் வாங்குகிறேன், அதை யாரும் செய்யாதீர்கள், என் மகள் செய்து பிள்ளையோடு விழப் பார்த்தாள் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அபு மட்டும் மெதுவாக, "நானும் ரெண்டு தடவ வெறும் வயித்தோட ஏலத்துல நின்னு கண்ணு மறச்சிருச்சு கோயாக்கா, வெக்கத்துல சொல்லல" என்றான். அவனைத் தொடர்ந்து இன்னொருவன். இத்தனை பேரை நான் கெடுத்து வைத்திருக்கிறேன். மாஷ் என் தோளில் கையைப் போட்டு, நாளைக்கும் வா, வராவிட்டால் நாளன்றைக்கு வா, இங்கே ஆஜர்ப் பட்டியல் கிடையாது என்று மட்டும் சொன்னார்.

ஆகையால் மோளே, நான் அனுப்பிய அந்தக் குரல் பதிவுகளை எல்லாம் அழித்துவிடு. ஒன்றையும் வைத்துக்கொள்ளாதே. கேக் தின்றால் தின்றதுதான், அது கேக், அது கடன் இல்லை. மறுநாள் எழுந்து எப்போதும் போல் கஞ்சியோ முட்டையோ வயிறார எடுத்துக்கொள், கீரையும் மீனும் உனக்கு ஆசைதானே, அதைத் தின்னு. மழை விட்ட பிறகு பிள்ளையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு நட, காற்று வாங்குகிறோம் என்று நினைத்து நட. நடக்க முடியாத நாளில் நடக்காதே, அடுத்த நாள் பாதை அங்கேயேதான் கிடக்கும். உடம்பு பிரசவத்துக்குப் பிறகு கொஞ்சம் பெருத்திருந்தால் பெருத்திருக்கட்டும், என் பேத்தியைச் சுமந்த உடம்பு அது, அதற்கு நீ தண்டனை விதிக்கிறாய் என்று நினைத்தாலே எனக்குப் பொறுக்கவில்லை. தலைசுற்றல் இனியும் வந்தால் ஜௌஹரிடம் மறைக்காமல் சொல்லி டாக்டரிடம் போ. மறைக்கிற புத்தி உனக்கு வேண்டாம், அது என்னிடம் போதுமான அளவு இருக்கிறது. என்னைப் பார்த்து நட என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த ஒரு விஷயத்தில் என்னைப் பார்க்காதே, உம்மாவைப் பார்.

இந்தக் கடிதத்தோடு வரும் பார்சலில் உம்மா கைப்பட வைத்த டப்பா ஒன்று இருக்கிறது, உன்னக்காய். இந்தத் தடவை நான் திறந்து பார்க்கவில்லை, உம்மாவே கட்டி முடிச்சுப் போட்டு, முடிச்சைப் பார்த்து ஒரு தடவை, என்னைப் பார்த்து ஒரு தடவை முறைத்துவிட்டுத்தான் வைத்தாள். ஒன்றோ இரண்டோ தின்னு, மீதியை உன் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டிக்குக் கொடு. அடுத்த வாரம் இங்கே ஆஷிக்கின் வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள், உம்மா கோழி நிறைக்கப் போகிறாள். நான் ஒரு துண்டோடு எழுந்திருப்பேன், அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்திருப்பேன். முடியாமல் இரண்டு தின்றாலும் சிரித்துக்கொண்டே தின்பேன்.

இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் பண்ணுவாய், தெரியும். உடனே பண்ணாதே. முதலில் அடுக்களைக்குப் போய் ஏதாவது எடுத்துத் தட்டில் போட்டு உட்கார், வாயில் வைத்த பிறகு பண்ணு. மென்றுகொண்டே பேசினால் சின்னதில் உன்னைத் திட்டுவேன் அல்லவா, இந்த ஒரு தடவை மென்றுகொண்டே பேசு மோளே. நீ தின்கிற சத்தம் என் காதில் விழுந்த பிறகுதான் உன்னோடு பேச எனக்கு வாய் வரும்.

அல்லாஹ் உனக்கும் மருமகனுக்கும் ஹைஃபா குட்டிக்கும் நிறைந்த ஆயுசும் ஆரோக்கியமும் பறக்கத்தும் தருவானாக. ஸஜ்னா ஸலாம் சொல்லச் சொன்னாள், ஆஷிக்கும் சொன்னான். பிள்ளைக்குக் காதை மூடித் தொப்பி போட மறக்காதே, படி இறங்கும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கட்டும்.

தலைகுனிந்து எழுதும் உன் வாப்பா,
இம்பிச்சிக்கோயா